இல்லாத உலகுக்கு ஒரு தேசப்படம்

இல்லாத ஒரு நாட்டுக்குத் தேசப்படம் வரைவது வேலையற்றோர் வேலை என்று எண்ணுவோர் பலர். நிலமளப்போர் காடும் மேடும் அலைந்து, கோணம் பார்த்து, தூரம் அளந்து வரைந்த படத்துக்கு முன்னே, அறைக்குள் இருந்துகொண்டு மனம்போன போக்கில் தீட்டிய படம் எம்மாத்திரம் என்று அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானது போலவே தோன்றும். ஆயினும், உள்ள நாட்டை வரைபவர் மலை எங்கே இருக்கிறது என்று அறிந்தாற் போதும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று அவர் கேட்க வேண்டுவதில்லை. அவர் கேட்டாலும் கேளாவிட்டாலும் மலை அங்கேதான் நிற்கும். இல்லாத நாட்டை வரைபவருக்கோ அந்தச் சலுகை இல்லை. மலையை எங்கே நிறுத்துவது, ஆற்றை எப்பக்கம் விடுவது, பாலையை எவ்விடத்தில் விரிப்பது என்று ஒவ்வோர் அடியிலும் அவர் காரணம் தேடவேண்டியவராகிறார். காரணம் தவறினாற் படம் பொய்த்துப்போகும். பார்ப்பவருக்குப் புவியியல் தெரியாவிட்டாலும், எங்கோ ஏதோ ஒவ்வவில்லை என்று அவர் கண் சொல்லிவிடும்.

இக்கலை புதியதன்று. தோமஸ் மூர் எழுதிய 'உட்டோப்பியா' 1516 ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேறியபோதே, அதில் வருணிக்கப்பட்ட பிறைவடிவத் தீவின் படம் மரச்செதுக்காக நூலில் இடம்பெற்றது. 1726 இல் வெளிவந்த சுவிவ்ற்றின் 'கலிவரின் யாத்திரைகள்' இன்னும் ஒருபடி மேலே சென்றது. லில்லிப்புட் என்னும் குள்ளர் தேசத்தைச் சுமாத்திராவுக்கு அயலிலே வைத்து, கண்டுபிடித்த ஆண்டு 1699 என்றும் பொறித்து, மெய்யான மாலுமிப் படம்போல அது வாசகரின் கையிற் கொடுத்தது. நகைப்பதற்காகச் செய்த வேலைதான். ஆனால் நகைச்சுவை எடுபடுவதற்குப் படம் நம்பத்தக்கதாக இருக்கவேண்டும் என்பதைச் சுவிவ்ற்று நன்கறிந்திருந்தார்.

ரொபேட் லூயி ஸ்ரீவன்சனின் கதை இவற்றினும் சுவையானது. 1881 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தில் பிறேமார் என்னும் ஊரில் தங்கியிருந்தபோது, தம் மனைவியின் முன்னை மணத்து மகனான சிறுவனோடு சேர்ந்து வர்ணம் தீட்டிப் பொழுதுபோக்கிய அவர், ஒரு தீவின் படத்தை வரைந்தார். படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் காடுகளுக்கிடையே மனிதர் தோன்றினர், கதை பிறந்தது. அதுவே 'புதையல் தீவு'. நூல் 1883 இல் வெளிவரவிருந்த காலத்தில், பதிப்பாளருக்கு அனுப்பிய மூலப்படம் வழியிலே தவறிவிட்டது. முன்பு படத்தைப் பார்த்துக் கதை எழுதியவர், இப்போது கதையைப் பார்த்துப் படம் எழுத நேர்ந்தது. எந்தக் குன்றிலிருந்து எந்தக் குடா தெரியும், எவ்விடத்திலிருந்து எவ்விடத்துக்கு எவ்வளவு நடை என்று தாம் எழுதிய ஒவ்வொரு குறிப்பையும் நூலிலிருந்து பொறுக்கியெடுத்து, அவை யாவும் பொருந்தும்படி தீவை மறுபடி அமைத்தார். இதனை 1894 இல் வெளியான தமது கட்டுரை ஒன்றில் அவரே விரிவாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது படம் தமக்கு ஒருநாளும் புதையல் தீவாகத் தோன்றவில்லை என்பது அவர் கொண்ட குறை.

ரோல்கீன் இப்பாடத்தைக் கற்றவர்போலவே நடந்துகொண்டார். 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'மோதிரங்களின் அதிபதி' என்னும் பெருங்கதையை அவர் படத்தை வைத்துக்கொண்டே எழுதினார். கதையைப் படத்துக்குப் பொருத்தினாரேயன்றிப் படத்தைக் கதைக்குப் பொருத்தவில்லை. நூலில் அச்சான படங்களை வரைந்தவர் அவருடைய மகன் கிறிஸ்தோபர். இன்றுள்ள கற்பனைத் தேசப்படங்கள் பெரும்பாலும் அந்தப் படத்தின் வழிவந்தவை என்றால் மிகையாகாது.

மையும் தூரிகையும் செய்த அவ்வேலை இன்று கணினித் திரைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருந்த தோமஸ் நோல் 1987 இல் தொடங்கி, அவருடைய சகோதரர் ஜோன் நோலும் துணைநிற்க உருவான மென்பொருளே ஃபோட்டோஷொப். அடோபி நிறுவனம் அதனை 1990 இல் வெளியிட்டது. புகைப்படங்களைத் திருத்துவதற்கென்றே அது பிறந்தது, உலகங்களைப் படைப்பதற்கன்று. அதற்கு விலை கொடுக்க இயலாதோர்க்குக் கலிபோர்னியாவின் பேர்க்கிலியில் இரு மாணவர்கள் உருவாக்கி 1996 இல் வெளியிட்ட கிம்ப் என்னும் இலவச மென்பொருள் உண்டு. வறிய மாணவர் ஒருவர் பழைய கணினி ஒன்றில் அதனை நிறுவிக்கொண்டு, கீழே சொல்லப்படும் யாவற்றையும் செய்துவிடலாம்.

இம்மென்பொருள்களின் உயிர்நாடி படை என்று சொல்லப்படும் ஏற்பாடாகும். ஃபோட்டோஷொப்பில் இது 1994 இல் வந்த மூன்றாம் பதிப்போடு சேர்ந்தது. கண்ணாடித்தாள்கள் பலவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, கடலை ஒன்றிலும், நிலத்தை ஒன்றிலும், மலையை ஒன்றிலும், ஆற்றை ஒன்றிலும், பெயர்களை ஒன்றிலுமாக எழுதி, மேலிருந்து நோக்குவதாக நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். ஆறு பிழைத்தால் ஆற்றுத்தாளை மட்டும் அழிக்கலாம். மலைக்கு ஊறு நேராது. கையால் வரைந்தோர்க்குக் கிட்டாத பேறு இது. ஒரு பொட்டு மை சிந்தியதால் ஒரு மாத உழைப்பை இழந்தவர்களுக்கே இதன் அருமை தெரியும்.

தொடக்கநிலையில் உள்ளவர்க்கு முதலிற் கற்பிக்கப்படும் வித்தை மேகத்திலிருந்து கண்டம் செய்வதாகும். மென்பொருளில் மேகங்கள் என்னும் கட்டளை ஒன்றுண்டு. அதனை இட்டவுடன் திரை முழுவதும் கருமையும் வெண்மையுமாகப் புகைமண்டலம்போல ஒரு தோற்றம் படரும். இதையொத்த கணக்கைப் பெயர்பெறச் செய்தவர் கென் பேர்லின் என்னும் அமெரிக்கர். 1982 இல் வந்த 'ற்றோன்' என்னும் திரைப்படத்திற் பணியாற்றிய அவர், கணினி வரையும் பொருள்கள் யாவும் இயந்திரத்தனமாக மழமழவென்றிருப்பதில் வெறுப்புற்று, இயற்கைப் பொருள்களின் ஒழுங்கற்ற தன்மையை எண்களாற் பிறப்பிக்கும் முறையை வகுத்தார். அதற்காக 1997 இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அவருக்குத் தொழினுட்பப் பரிசு வழங்கியது. இப்புகைமண்டலத்தில் வெண்மையை உயரமென்றும் கருமையைப் பள்ளமென்றும் கொள்க. பின்னர் ஓர் எல்லையை வகுத்து, அதற்கு மேற்பட்ட வெளுப்பெல்லாம் நிலம், கீழ்ப்பட்ட கருப்பெல்லாம் நீர் என்று கட்டளையிட்டால், கண்ணிமைக்கும் நேரத்திற் கரையோரங்களும் தீவுகளும் குடாக்களும் பிறந்துவிடும். எல்லையைச் சற்று உயர்த்தினாற் கடல் பெருகும், தாழ்த்தினால் வற்றும். ஊழிக்காலத்து வெள்ளத்தை ஒரு விரலால் ஏற்றி இறக்குவது போன்ற இன்பம் அதில் உண்டு.

ஆனால் பலர் இவ்விடத்திலேயே மயங்கி நின்றுவிடுகின்றனர். மேகம் தானே தந்த நிலம் கண்டமாக இராது. சிந்திய பால்போல எங்கும் துண்டு துண்டாகவே இருக்கும். ஆதலால், கண்டம் இன்ன இடத்தில், இன்ன பரப்பில், இன்ன சாய்வில் அமையவேண்டுமென்று வரைபவர் முதலில் முடிவுசெய்து, பெரிய தூரிகையால் வெண்மையைப் பூசி, மேகத்தை அதன்மேற் கலந்து, ஓரங்களைச் சிதைக்கும் வேலையை மட்டுமே அதனிடம் விடுவது முறை. பெரிய வடிவம் மனிதனுடையது. சிறிய சிதைவு கணினியுடையது. இந்த வேலைப் பங்கீட்டை உணராதவர் எத்தனை ஆண்டு பயின்றாலும் மேகத்தையே வரைந்துகொண்டிருப்பார்.

கரையோரம் பற்றி இன்னும் ஒன்று. பிரித்தானியாவின் கரை எவ்வளவு நீளம் என்று பெனுவா மண்டல்புரோ 1967 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையிற் கேட்டார். அளக்கும் கோல் குறுகக் குறுகக் கரையின் நீளம் கூடிக்கொண்டே போகும் என்று லூயி ஃபிறை ரிச்சட்சன் முன்னரே கண்டிருந்தார். குடாவுக்குள் குடா, அதற்குள் சிறு குடா என்று சிதைவு தொடர்வதே காரணம். கணினி மேகத்தால் வெட்டிய கரை மெய்போலத் தோன்றுவதும் இதனாலேயே. ஆயின், அதே ஆராய்ச்சியில் வேறோர் உண்மையும் இருக்கிறது. எல்லாக் கரைகளும் ஒரே அளவிற் சிதைந்தவையல்ல. தென்னாபிரிக்காவின் கரை ஏறத்தாழ நேர்கோடுபோல மெத்தென்று செல்லும். பிரித்தானியாவின் மேற்குக் கரையோ கிழிந்த துணிபோல இருக்கும். பனியாறுகள் குடைந்த நோர்வேயின் கரையில் கடல் கையை நீட்டி மலைக்குள் புகும். கணினிக்கு இவ்வேறுபாடு தெரியாது. வடக்கே தெற்கே என்றில்லாமல் எல்லாக் கரையையும் ஒரேபடியாக அது கடித்துவைக்கும். கைதேர்ந்தவர் ஒருவர் கற்பனைப் படத்தைக் கண்டவுடன் போலியென்று அறிவது பெரும்பாலும் இந்த அடையாளத்தால்தான். மணல் படிந்த கரையைத் தூரிகையால் மழுக்கி, பனி செதுக்கிய கரையை மேலும் கிழித்துவிடும் பொறுமை வேண்டும்.

இனி மலை. நூல்களை விட்டு நிலத்தைப் படிக்கத் தொடங்கவேண்டிய இடம் இதுவே. கண்டங்கள் இடம்பெயர்கின்றன என்று அல்பிரட் வெகனர் 1912 இற் சொன்னபோது அதனை ஏற்றவர் சிலரே. புவியோடு பல தகடுகளாகப் பிரிந்து நகர்கிறது என்ற கொள்கை 1960 களிலேதான் நிலைபெற்றது. இந்தியத் தகடு ஆசியாவோடு மோதியதால் இமயம் எழுந்தது. பசிபிக் பக்கத்துக் கடற்றரை தென்னமெரிக்காவின் கீழே அமிழ்வதால் அந்தீசு மலைத்தொடர் கண்டத்தின் மேற்கு விளிம்பை ஒட்டியே நெடுகிலும் ஓடுகிறது. ஆகவே, மலையைத் தூவுவதற்கு முன்னர், தனித்த ஒரு படையில் தகடுகளின் எல்லைகளைச் சிவப்புக் கோட்டால் வரைந்து, ஒவ்வொன்றும் எத்திசையில் நகர்கிறது என்று அம்புக்குறி இடுதல் வேண்டும். மோதும் இடத்தில் தொடர்மலை. விலகும் இடத்தில் பிளவுப் பள்ளத்தாக்கு. கடலுக்குள் ஒன்று ஒன்றன்கீழ் அமிழுமிடத்தில் வில்போல வளைந்த எரிமலைத் தீவு வரிசை. வேலை முடிந்ததும் அப்படையை மறைத்துவிடலாம். யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் அது இருந்ததா இல்லையா என்பது படத்தில் தெரியும். ரோல்கீனின் மோர்டோர் நாட்டை மூன்று பக்கமும் செங்கோணத்தில் மலைகள் பெட்டிபோல அடைத்து நிற்பதைப் புவியியலார் இன்றும் குறைசொல்வதுண்டு. அந்த மலைகள் கதைக்குக் கோட்டைமதிலாக வேண்டியிருந்தன. கதையின் பெருமை அப்பிழையைத் தாங்கிக்கொண்டது. எல்லோருடைய கதையும் அவ்வாறு தாங்கும் என்று சொல்ல இயலாது.

மலை அமைந்தபின் காற்று வீசவேண்டும். மத்திய கோட்டுக்கு அண்மையில் சூடேறி எழும் காற்று, மழையைச் சொரிந்துவிட்டு உயரே சென்று, ஏறத்தாழ 30 பாகை அகலாங்குகளில் வறண்ட காற்றாகக் கீழிறங்குகிறது. சகாராவும் அரேபியப் பாலையும் வடபாதியிலும், கலகாரியும் அவுஸ்திரேலியப் பாலையும் தென்பாதியிலும் அந்த அகலாங்குகளை ஒட்டிக் கிடப்பதன் இரகசியம் அதுவே. கற்பனை உலகிலும் பாலையைக் கண்ட இடத்தில் வைக்க முடியாது. இரண்டாவது காரணம் மழைநிழல். இதற்கு இலங்கையினுஞ் சிறந்த பாடப்புத்தகம் கிடைப்பது அரிது. வைகாசி முதற் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் அதே காற்று மட்டக்களப்பை அடையும்போது கச்சான் என்னும் வறண்ட வெங்காற்றாக மாறிவிடுகிறது. மார்கழியில் வாடை வீசும்போது நிலைமை தலைகீழாகிறது. 65,610 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சிறு தீவொன்றில், 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலையைத் தலையாகக்கொண்ட ஒரு மலைத்திரள் ஈர வலயம், உலர் வலயம் என்று நாட்டையே வகுத்துவிடுகிறதென்றால், கற்பனைக் கண்டமொன்றின் நடுவே 2,000 மைல் நீளத்துக்கு மலை வரைந்துவிட்டு, அதன் இருபுறத்தையும் ஒரே பச்சையால் பூசுவது எங்ஙனம் பொருந்தும்?

மாவலி கங்கையையும் அவ்வாறே நோக்கலாம். மழைமிக்க மலையிற் பிறந்து, கண்டியை வளைத்துச் சென்று, உலர் வலயத்தினூடே 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கடலை அடைகிறது. பெய்யாத நிலத்தில் பெருகி ஓடும் ஆற்றை வரைய விரும்புவோர், அதற்குத் தலைமாட்டில் மழைபெறும் மலை ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். எகிப்தின் நீலநதியும் இந்த விதிக்கு அடங்கியதே.

ஆறுகளிலேதான் கற்பனைப் படங்கள் மிகுதியாகப் பிழைபடுகின்றன. ஆறு சேரும், பிரியாது. இரண்டு கிளை கூடி ஒன்றாவதே நீரின் இயல்பு, ஏனெனில் நீர் மிகத் தாழ்ந்த வழி ஒன்றையே நாடும். கடற்கரையோரத்து வண்டற் சமவெளியில் கழிமுகக் கிளைகளாகப் பிரிவது உண்மை. உள்நாட்டிற் பிரிவது அரிதிலும் அரிது. தென்னமெரிக்காவில் ஒறினோக்கோ ஆற்றிலிருந்து பிரிந்து அமேசன் வடிநிலத்துக்குச் செல்லும் கசிக்கியாரே என்னும் ஆறு உண்டு. அதனைக் காணவே 1800 ஆம் ஆண்டில் ஹம்போல்ற் என்னும் ஜெர்மானிய அறிஞர் நுளம்புக் கடிக்கிடையே படகேறிச் சென்றார் என்றால், அஃது எத்துணை அபூர்வம் என்பது விளங்கும். ஏரிக்கும் வெளிவாய் ஒன்றே. விக்ரோரியா ஏரிக்குள் பல ஆறுகள் பாய்கின்றன. வெளியேறுவது நீலநதி ஒன்றுதான். வெளிவாயே இல்லாத ஏரி உவர்த்துப்போகும், சாக்கடலைப் பார்க்க. இத்தனையையும் மனதிற்கொண்டு வரைபவர், ஆற்றை மலையிலிருந்து தொடங்காமல் கடலிலிருந்து தொடங்குவது நல்ல உபாயம். கழிமுகத்தில் தூரிகையை ஊன்றி, மரம் கிளைவிடுவதுபோல மேல்நோக்கிக் கிளைபிரித்துச் சென்று, ஒவ்வொரு கிளையையும் மெலியச்செய்து மலையடியில் முடித்துவிட்டால், ஆறு தானாகவே சரியாகிவிடும். எந்தக் கிளையும் முகட்டைக் கடக்கலாகாது. சமவெளியில் ஆறு நெளியவேண்டும். மலைச்சரிவில் நெளிய நேரமில்லை. கேட்ட மாத்திரத்திலேயே படம் எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. அவை தரும் படங்களில் வர்ணம் கண்ணைப் பறிக்கும். ஆறோ சில வேளைகளில் மலைமுகட்டின்மேல் ஏறி மறுபக்கம் இறங்கும்.

மலையை மலையாகக் காட்டுவது ஒளியும் நிழலும். உயரப்படையை எடுத்து, ஒரு பக்கத்திலிருந்து விளக்கொளி விழுந்தாற்போலச் சரிவுகளை வெளுப்பித்தும் கறுப்பித்தும் தரும் கட்டளை இரு மென்பொருள்களிலும் உண்டு. ஒளி எப்பக்கத்திலிருந்து வரவேண்டும்? படத்தின் இடது மேல்மூலையிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து. இந்த மரபை வளர்த்த மத்திய ஐரோப்பாவில் சூரியன் பகற்பொழுதிற் பெரும்பாலும் தென்புறமாகவே செல்கிறது. ஆகவே இயற்கைக்கு இது நேர்மாறானது. இருந்தும் ஒளியைக் கீழ்ப்புறத்திலிருந்து விட்டுப் பார்த்தால், மலைகள் பள்ளங்களாகவும் பள்ளங்கள் மலைகளாகவும் புரண்டு தோன்றும். ஒளி மேலிருந்து வருவதையே கண்டு பழகிய கண் செய்யும் வேலை அது. சுவிற்சலாந்து நாட்டு எடுவாட் இம்கொவ் இந்நிழற்கலையின் முதல்வர் எனத் தக்கவர். 1895 முதல் 1986 வரை வாழ்ந்த அவர், நிலத்தோற்றத்தைத் தேசப்படத்தில் அமைக்கும் முறை பற்றி 1965 இல் வெளியிட்ட நூல் இன்றும் கணினிக்காரர் தேடிப் படிக்கும் நூலாக இருக்கிறது. தாழ்ந்த நிலம் தூரத்து மூட்டத்தில் நீலம்பாரித்து மங்கவும், உயர்ந்த முகடுகள் பார்ப்பவருக்கு அணித்தாய்த் தெளிந்து ஒளிரவும் வேண்டும் என்பது அவர் கைக்கொண்ட முறை. தாழ்வுக்குப் பச்சை, உயர்வுக்குக் கபிலம் என்று பள்ளிக்கூடப் படங்களிற் காணும் வழக்கத்தைக் கணினி எளிதிற் பூசித்தரும். ஆனால் அந்தப் பச்சை உயரத்தைக் குறிப்பதேயன்றிப் புல்லைக் குறிப்பதன்று. உயரத்துக்கு ஒரு படையும் தாவரத்துக்கு ஒரு படையும் தனித்தனியே வைத்துக்கொள்ளாவிடின், தாழ்ந்த பாலைவனமெல்லாம் நெல்வயலாகிவிடும்.

இங்கே ஒரு சிறு தொழினுட்ப எச்சரிக்கையும் வேண்டும். சாதாரணமான 8 பிட் படத்தில் கருமைக்கும் வெண்மைக்கும் இடையே 256 படிகளே உள்ளன. கடல்மட்டத்திலிருந்து 8,000 மீற்றர் வரை உயரத்தை அதிற் பங்கிட்டால், ஒரு படி 30 மீற்றருக்கு மேலாகிறது. நிழலிட்டவுடன் சமவெளி முழுவதும் மாடிப்படிபோல வரிவரியாகத் தெரியும். பலர் இதைத் தமது கைக்குறை என்று எண்ணிச் சோர்வதுண்டு. தொடக்கத்திலேயே 16 பிட் முறையைத் தெரிந்துகொண்டால் படிகள் பல்லாயிரமாகி வரிகள் மறைந்துவிடும்.

உலகம் முழுவதையும் வரைய முற்படுவோர் இன்னொரு கண்ணியில் அகப்படுவர். உருண்டையைத் தாளில் விரிக்க முடியாது. மெர்க்கேற்றர் 1569 இல் வகுத்த எறியத்தில் கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்குச் சமமாகத் தெரிகிறது. மெய்யாகவோ ஆபிரிக்கா அதனைப்போலப் பதினான்கு மடங்கு. கணினியில் வரைவோர் வழக்கமாகக் கொள்வது அகலம் உயரத்தின் இருமடங்கான நீள்சதுரம். அகலாங்கும் நெட்டாங்கும் சமதூரக் கட்டங்களாக அமையும் எளிய எறியம் அது. அதில் 60 பாகை அகலாங்கில் கிழக்கு மேற்குத் தூரம் இருமடங்காக இழுபட்டிருக்கும். துருவமோ ஒரு புள்ளியாக இராது மேல்விளிம்பு முழுவதும் நீண்டிருக்கும். இதை எண்ணாமல் வடகோடியில் அழகான வட்டத்தீவொன்றை வரைந்தவர், அதனை உருண்டையிற் சுற்றிப் பார்க்கும்போது அது நறுக்கிய கீற்றுப்போல ஒடுங்கியிருப்பதைக் காண்பார். நாசா நிறுவனத்தார் இலவசமாகத் தரும் எறியமாற்று மென்பொருள் ஒன்றிருக்கிறது. துருவப்பகுதியை அதன் துணையால் மேலிருந்து நோக்கும் எறியத்துக்கு மாற்றி, அங்கே வரைந்து, மீண்டும் கட்டத்துக்குக் கொணர்வது அநுபவசாலிகள் செய்யும் வழி. ஒரே நாட்டை மட்டும் வரைபவருக்கு இத்தொல்லையே இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். முதன்முதலாக வரைபவர் உலகத்தை விட்டு ஒரு தீவோடு தொடங்குவது நல்லது.

வேறு சிலர் கற்பனையைக் குறுக்குவழியால் வெல்கின்றனர். 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் என்னும் விண்ணோடம் 11 நாள்கள் பூமியைச் சுற்றி, வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகை வரையுள்ள நிலத்தின் உயரங்களை ரேடாரால் அளந்தது. அவ்வளவைகள் எவரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்கனவாக வெளியிடப்பட்டுள்ளன. அந்தீசில் ஒரு துண்டு, துருக்கியில் ஒரு துண்டு என்று வெட்டியெடுத்து, திருப்பி ஒட்டி, ஒட்டுவாயை மறைப்புத் தூரிகையால் மழுக்கி, இல்லாத மலைத்தொடரை உள்ள மலைகளாலே கட்டிவிடுவார்கள். மெய்யான ஆறுகள் அரித்த மெய்யான பள்ளத்தாக்குகள் என்பதால், எந்தக் கணக்கும் அதற்கு ஈடாகாது. இதைத் திருட்டு என்பாரும் உளர். தச்சன் மரத்தைப் படைப்பதில்லை என்று அவர்களுக்குப் பதில் சொல்லலாம்.

இவ்வளவு பாடுபட்டு மெய்போல ஆக்கிய படம், மெய்யென்றே கொள்ளப்பட்டால் என் செய்வது? இது வீண் அச்சமன்று. 1798 இல் ஜேம்ஸ் ரெனல் என்னும் புகழ்பெற்ற தேசப்பட அறிஞர், மங்கோ பார்க்கின் பயணத்தை விளக்க வரைந்த ஆபிரிக்கப் படத்தில், மேற்காபிரிக்காவின் குறுக்கே கொங் மலைகள் என்று ஒரு நெடுந்தொடரை நிறுத்தினார். அப்படி ஒரு தொடர் இல்லை. ஆனால் படம் அழகாகவும் ஐயமற்றும் இருந்தமையால், பின்வந்தோர் அதனைப் பார்த்து எழுதினர். ஒரு நூற்றாண்டுக்கு அண்மையாக அந்த மலைகள் படத்துக்குப் படம் பெருகின. 1887 முதல் 1889 வரை அவ்வழியே நடந்துசென்ற பின்ஜே என்னும் பிரெஞ்சு அதிகாரி, அங்கே மலைத்தொடர் எதுவுமில்லை என்று வந்து சொன்ன பிறகே அவை மறையத் தொடங்கின. தமிழருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1864 இல் ஸ்கிளேற்றர் என்னும் விலங்கியலறிஞர், மடகஸ்காரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் இருந்தமைக்குக் காரணம் காட்ட, இடையே அமிழ்ந்த நிலம் ஒன்று இருந்திருக்கலாம் என்று ஊகித்து அதற்கு இலெமூரியா என்று பெயரிட்டார். கடல்கொண்ட நிலம் பற்றிய பழந்தமிழ்ச் செய்திகளோடு இருபதாம் நூற்றாண்டில் அவ்வூகம் கலந்து, ஆறும் மலையும் எல்லைக்கோடும் பொறித்த படங்களாக அச்சாயிற்று. தகட்டுக் கொள்கை நிலைபெற்றபின் ஸ்கிளேற்றரின் ஊகத்துக்குத் தேவையே இல்லாமற் போயிற்று. பழஞ்செய்யுள்கள் சொல்வது ஒன்று. படத்திற் கோடிழுத்தோர் சேர்த்தது மற்றொன்று. கோடுகளைக் கண்ட கண்ணுக்கு அவ்விரண்டையும் வேறுபடுத்துவது கடினமாகிவிட்டது. அக்காலத்தில் கையாலும் கல்லச்சாலும் ஆனதே இவ்வளவு நம்பிக்கையை விளைத்ததென்றால், செய்மதி எடுத்த படம்போலவே தீட்டவல்ல இன்றைய மென்பொருளைக் கையாள்வோர் கவனமாக இருக்கவேண்டியவர்களே.

கடைசியாகச் சேர்வது எழுத்து. ஆற்றின் பெயர் ஆற்றோடு வளையவேண்டும். மலைத்தொடரின் பெயர் தொடரின் நீளத்துக்குப் பரந்து நிற்கவேண்டும். ஊரின் பெயர் புள்ளிக்கு வலப்புறத்தே சற்று உயர்ந்திருப்பது படிக்க இலகு. கடற்பெயர்களைச் சாய்வெழுத்தில் அமைப்பது மரபு. தமிழில் எழுதுவோர் ஃபோட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்குரிய எழுத்தமைப்பை முதலிலேயே தெரிவுசெய்தல் வேண்டும். இல்லையேல் 'கொற்கை' என்று எழுதினாற் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். பெயர்களை நிழற்படைக்கு மேலே தனிப்படையில் வைத்து, அவற்றின் கீழே நிலத்தைச் சற்று வெளுக்கச் செய்தால் மலைநிழல் எழுத்தை விழுங்காது. பின்னர் அளவுத்திட்டமும் திசைகாட்டியும். அவற்றுக்கருகே, வரைந்தவர் பெயரும் ஆண்டும், 'கற்பனை' என்னும் ஒரு சொல்லும். அச்சொல்லுக்குக் கடலில் ஒரு மூலையை ஒதுக்கிவைத்துக்கொண்டே கரையை வரையத் தொடங்கினால், பின்னர் இடத்துக்குத் திண்டாட நேராது.